சுவரில் தொங்கும் ஹார்ட்வெல் ஐயர்

1

"மதாம் ஆர்த்வெல்!"

கண் டொக்டரின் காத்திருப்பு அறையில் தாதி கூப்பிட, நான் எழும்பினேன். அவள் என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்த வெள்ளைக்காரக் கிழவியைப் பார்த்துச் சிரித்தாள். கிழவி அசையவில்லை. தாதி இன்னொருதரம் கூப்பிட்டாள். நான் கையை உயர்த்தி, "நான்தான், வேறு ஆளைத் தேடவேண்டாம்" என்று பிரெஞ்சில் சொன்னேன். அறையில் இருந்தவர்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தி என்னை ஒருதரம் அளந்து பார்த்தார்கள்.

முப்பத்தொரு வருடமாக எனக்குப் பழகிப்போன கூத்து இது. பிரான்சில் ஒரு பெண் எத்தனை கலியாணம் கட்டினாலும், பிறந்தபோது வந்த பெயர் அவளை விடாது. காப்புறுதி அட்டை, வரிக் கடிதம், வைத்தியசாலைக் கோப்பு எல்லாவற்றிலும் நான் ஹார்ட்வெல்தான்; பிரெஞ்சு வாயில் அது ஆர்த்வெல். எனக்கு அதில் வெட்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் மிதப்புத்தான். எங்கள் சனத்தில் தகப்பனுக்கு ஒரு குடும்பப் பெயர், பிள்ளைகளுக்கு இன்னொன்று என்று கண்டு பிரெஞ்சு அலுவலகங்கள் விழி பிதுங்கி நிற்கும்போது, ஆறு தலைமுறையாக ஒரே குடும்பப் பெயரோடு வந்து இறங்கியவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தில் மானிப்பாய் ஹார்ட்வெல் என்றால் சும்மாவா?

கண்ணுக்கு மருந்து விட்டால் பாதை தெரியாது என்று மகள் லெயா எனக்குத் துணையாக வந்திருந்தாள். அவளுக்கு ஐந்து மாத வயிறு. லிசேயில், அதாவது உயர்தரப் பள்ளிக்கூடத்தில், சரித்திரம் படிப்பிக்கிறாள். ரயிலில் ஏறும்வரை பொறுத்திருந்தவள், ஏறியதும் தொடங்கினாள்.

"அம்மா, உங்களுக்குக் கூச்சமே இல்லையா? உது எங்கட பேரே இல்லை. ஆரோ ஒரு வெள்ளைக்காரன் எங்கட ஆக்களிலை ஒட்டிவிட்ட பேர். செ கொலோனியால், அம்மா, காலனிக்காரன்ர வேலை."

"ஒட்டினவன் போயிட்டான். ஒட்டினது நிக்குதல்லே? அது எங்கடைதான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு அவளிடம் கேட்கவேண்டிய விடயம் ஒன்று இருந்தது. அன்றைக்கும் கேட்கவில்லை.

என் அண்ணன் பிள்ளைகள் இல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டான். இந்தப் பெயர் இப்போது என் ஒருத்தியோடு நிற்கிறது. லெயாவுக்குத் தகப்பன் பெயர். ஆனால் இங்கே இப்போது ஒரு சட்டம் இருக்கிறது. வயது வந்த எவரும் மெரிக்கு, அதாவது நகரசபைக்குப் போய், ஒரு படிவம் நிரப்பித் தாயின் பெயரை எடுத்துக்கொள்ளலாம். கொடுத்த அன்றே முடியாது. குறைந்தது ஒரு மாதம் யோசிக்க விட்டு, திரும்ப நேரில் வந்து உறுதி செய்யச் சொல்வார்கள். லெயா பிள்ளை பிறக்க முன் அதைச் செய்தால், பேரப்பிள்ளைக்கும் அந்தப் பெயரை வைக்கலாம். செய்யாவிட்டால் ஹார்ட்வெல் என்னோடு குழிக்குள் இறங்கும்.

2

மானிப்பாயில் எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு தாடிக்கார வெள்ளைக்காரரின் படம் தொங்கியது. நெஞ்சுவரை தாடி. அப்பா அவரை "ஹார்ட்வெல் ஐயர்" என்பார். எங்கள் பக்கத்தில் பாதிரியாருக்கு ஐயர் என்றுதான் பேர். அமெரிக்காவிலிருந்து கப்பல் ஏறி வந்து, எங்கள் முப்பாட்டன் முருகேசுவைப் படிப்பித்து, ஞானஸ்நானம் கொடுத்து, தன் பெயரையே தந்த மகான் அவர் என்பது அப்பா சொல்லும் வரலாறு. நாங்கள் பொய் சொன்னால் அப்பா அடிக்கமாட்டார். விரலை நீட்டிப் படத்தைக் காட்டுவார். "ஐயர் பாத்துக்கொண்டிருக்கிறார்." அது போதும், எங்களுக்கு நடுங்கும்.

அப்பாவின் வீடு கடும் சட்டம். சாராயம் பரிமாறும் கலியாண வீட்டில் கை நனைக்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஊசி நூல் தொடக்கூடாது. படுக்கப்போக முன் அன்று செய்த பிழைகளை ஒரு கொப்பியில் எழுதி வைப்பார்; எங்களையும் எழுதச் சொல்வார். எனக்கு எழுதிக் கை வலித்தது.

நாட்டை விட்டு வரும்போது அந்தப் படத்தைச் சட்டகத்தோடு பெட்டிக்குள் வைத்துக்கொண்டு, கொழும்பு, மொஸ்கோ என்று அலைந்து பாரிசுக்குக் கொண்டுவந்து சேர்த்தேன். இப்போது பாரிசின் புறநகரான திரான்சியில் எங்கள் சாப்பாட்டு மேசைக்கு மேலே தொங்குகிறார். என் கணவர் மன்னார்க் கத்தோலிக்கர், மாதா படம் இல்லாமல் பக்கத்துக் கடைக்கும் போகாதவர். ஞாயிறு மத்தியானம் ஒரு கிளாஸ் வைன் எடுக்கும்போது படத்தைப் பார்த்து, "இஞ்சேரும், உம்முடைய ஐயர் முறைக்கிறார், ஒரு துவாயைப் போட்டு அவரை மூடும்" என்பார். நான் திரும்ப முறைப்பேன். இரண்டு முறைப்புக்கு நடுவில் குடித்து முடிப்பார்.

வருகிற வருடம் எனக்கு ஓய்வூதியம். அதற்கு முன்பே ஒரு திட்டம் போட்டேன். அமெரிக்காவுக்குப் போவது, ஹார்ட்வெல் ஐயரின் கல்லறையைக் கண்டுபிடிப்பது, லெயாவையும் கூட்டிக்கொண்டு போய், "பார், இவ்வளவு பெரிய மனுசன்ர பேரை நீ வேண்டாம் எண்டுறாய்" என்று கேட்பது. நல்ல திட்டம்தான்.

3

லா சப்பலில், பாரிசின் தமிழ்க் கடைத்தெருவில், சேலைக் கடை ஒன்றின் பின்னறையில் நான் பிளவுஸ் தைக்கிறேன். திரான்சியில் ரயில் ஏறினால் கார் து நோர் நிலையம், அங்கிருந்து பத்து நிமிட நடை. போகிற வழியும் வருகிற வழியும்தான் என் வாசிகசாலை. திரான்சி நூலகத்தில் அமெரிக்காவின் ஆதிக் கிறிஸ்தவர்களைப் பற்றிப் பிரெஞ்சில் ஒரு தடித்த புத்தகம் எடுத்தேன். நூலகக்காரி, "படிப்பு ஏதும் படிக்கிறீர்களா, மதாம்?" என்று கேட்டாள். "குடும்ப விசயம்" என்றேன்.

ஐயோ, அந்தப் புத்தகம்! பக்கத்துக்குப் பக்கம் அப்பா வந்து நின்றார். மாசச்சூசெட்சில் குடியேறி, நத்தார், அதாவது கிறிஸ்மஸ், கொண்டாடுவதையே ஒரு காலம் குற்றமாக்கி வைத்தவர்களாம் அவர்கள். வேதத்தில் இல்லாத திருநாள் எதற்கு என்ற நியாயம். நெருப்பு மூட்டாத கோயிலில், பனிக்காலத்தில், மணிக்கணக்கில் பிரசங்கம். நித்திரை தூங்குபவனைத் தட்டி எழுப்ப நீளத் தடியோடு ஒருவன். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். அதை நான் இவ்வளவு காலமும் எங்கள் தமிழ் வழக்கம் என்றே நினைத்திருந்தேன். தன் பிழைகளைக் கொப்பியில் எழுதும் பழக்கமும் அங்கே இருந்தது. என் கைவலி மாசச்சூசெட்சில் இருந்து வந்தது என்பதை அறுபது வயதில், ரயிலில் நின்றுகொண்டு கண்டுபிடித்தேன்.

இன்னொன்றும் இருந்தது. அவர்களும் எங்களைப்போல ஊரைவிட்டு ஓடி வந்தவர்கள்தான். வந்த முதல் தலைமுறை சபையில் எழும்பி நின்று, கடவுள் தன்னை எப்படித் தொட்டார் என்று எல்லாருக்கும் முன்னால் சொன்னால்தான் முழு உறுப்பினர். அந்த மண்ணில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்ல ஒன்றும் வரவில்லை. அவர்களுக்கு ஓடி வந்த அனுபவமும் இல்லை, நடுக்கமும் இல்லை. பெரியவர்கள் தலையில் கைவைத்துக்கொண்டு கூட்டம் கூட்டினார்கள். கடைசியில் அந்தப் பிள்ளைகளை அரை உறுப்பினராக வைத்துக்கொள்ள ஒரு வழி செய்தார்கள். நற்கருணை இல்லை, ஆனால் அவர்களுடைய பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் உண்டு.

கடையில் என்னோடு தைக்கும் மலருக்கு இதைச் சொன்னேன். மலர் ஸ்தேன் என்ற புறநகரில் இருக்கிறாள், அவளுக்கு இரண்டு பெடியன்கள். நான் தமிழில் கேட்டால் அவன்கள் பிரெஞ்சில் பதில் சொல்வான்கள்.

"அக்கா, அப்ப எங்கடதுகளும் அரைதானோ?" என்றாள்.

"ஓம். அரையெண்டாலும் உள்ளுக்கு வைச்சிருந்தவை. துரத்தேல்லை."

"கெட்டித்தனம்" என்று சொல்லிவிட்டு மலர் கொக்கி தைக்கத் தொடங்கினாள்.

4

பிறகு ஐயரைத் தேடத் தொடங்கினேன். யாழ்ப்பாணத்து அமெரிக்கப் பாதிரிமார் தங்கள் ஊருக்கு அனுப்பிய பழைய அறிக்கைகள் இணையத்தில் கிடக்கின்றன. ஆங்கிலம் எனக்கு அப்பா தந்த சொத்து. மூன்று வாரம் தேடினேன். வந்த பாதிரிமார் ஒவ்வொருவரின் பெயரும் இருந்தது. ஹார்ட்வெல் என்று ஒருவரும் வரவேயில்லை.

நான் விடுவேனா? இன்னும் தோண்டினேன். விடுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் பட்டியல் ஒன்று அகப்பட்டது. பிள்ளையின் சொந்தப் பெயர், வைக்கப்பட்ட பெயர், ஆதரிப்பவர் என்று மூன்று நிரல். முருகேசு. லெமுவேல் ஹார்ட்வெல். மாசச்சூசெட்சில் ஒரு சின்ன ஊரின் பெண்கள் தையற்சங்கம். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் எங்கள் சனம் அங்கேயும் போய் ஒரு பலசரக்குக் கடை திறந்துவிடும்.

அக்காலத்து வழக்கம் அதுதானாம். அமெரிக்காவில் ஒருவர் எங்கள் பிள்ளை ஒன்றின் செலவை ஏற்றுக்கொண்டால், அந்தப் பிள்ளைக்குத் தான் விரும்பிய பெயரை வைக்கலாம். அப்படியென்றால் எங்கள் ஹார்ட்வெல் ஐயர் யார்? அந்த ஊர்ச் சபைக்கு மின்னஞ்சல் எழுதினேன். சுவரில் இருந்த படத்தையும் போனில் பிடித்து அனுப்பினேன்.

பதில் எழுதியவர் மார்கரெட் என்ற முதிய அம்மா. சபையின் பழைய புத்தகங்களைப் பார்த்துக்கொள்பவர். முதல் கடிதம் மிகவும் மரியாதையானது. படத்தைச் சட்டகத்திலிருந்து கழற்றிக் கீழ் விளிம்பைப் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தார். கழற்றினோம். சட்டகத்துக்குள் மடித்து மறைக்கப்பட்ட கீழ்ப்பகுதியில், பூப்போட்ட எழுத்தில், தலைமயிர் வளர்க்கும் தைலம் ஒன்றின் விளம்பரம் இருந்தது. நாட்காட்டிப் படம்!

என் கணவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் வரச் சிரித்தார்.

"தைலத்துக்கு ஆள் பொருத்தம்தான். தாடியைப் பாரும்!"

"சிரியுங்கோ, சிரியுங்கோ. வைன் குடிக்கேக்கை இந்தத் தைலக்காரனுக்குப் பயந்தனீங்கள்தானே?"

நானும் சிரித்தேன். ஆனால் மனம் ஒருமாதிரி இருந்தது. அப்பா சாகும்வரை அந்த முகத்துக்குப் பயந்து நேர்மையாக இருந்தவர்.

இரண்டாவது கடிதம் ஒரு சனிக்கிழமை வந்தது. லெயா வீட்டுக்கு வந்திருந்தாள். போன் எழுத்து என் கண்ணுக்குச் சின்னது என்று அவளை வாசிக்கச் சொன்னேன். முதலில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, அவசரமாகத்தான் வாசித்தாள்.

லெமுவேல் ஹார்ட்வெல் பாதிரியார் இல்லை. ஆறு வயதுப் பையன். தொண்டை அடைப்பான் கண்டு இறந்துவிட்டான். தாயின் பெயர் அபிகேல். ஒரே பிள்ளை. அவள்தான் தையற்சங்கத்துப் பெண்களைக் கேட்டிருக்கிறாள்: நாங்கள் சட்டை தைத்து விற்று ஒரு பிள்ளையைப் படிப்பிப்போம், என் மகனின் பெயரை உயிரோடு இருக்கும் ஒரு பிள்ளைக்கு வையுங்கள் என்று.

லெயாவின் வாசிப்பு இப்போது மெதுவாகியது. ஒரு கை வயிற்றில் இருந்தது.

எங்கள் முருகேசு ஒரேயொரு கடிதம் எழுதியிருக்கிறான். அது வந்த அன்று சங்கத்தில் எல்லாரும் அழுததாகப் புத்தகத்தில் இருக்கிறதாம். அதற்குப் பிறகு ஒன்றும் போகவில்லை. ஆனால் வருடத்துக்கு வருடம், சங்கத்தின் குறிப்பில், அபிகேல் அம்மா பையனைப் பற்றி ஏதாவது சேதி உண்டா என்று கேட்டதும், இல்லை என்று சொல்லப்பட்டதும் எழுதியிருக்கிறது. அவள் இறந்த வருடம்வரை எழுதியிருக்கிறது. மகனுக்குப் பக்கத்தில் அவளைப் புதைத்திருக்கிறார்கள். அந்தக் குடும்பத்தில் இப்போது ஒருவரும் இல்லை, அந்தப் பெயர் அழிந்துவிட்டதாகவே நாங்கள் நினைத்திருந்தோம், பாரிசில் இருந்து உங்கள் கடிதம் வரும்வரை என்று மார்கரெட் அம்மா முடித்திருந்தார்.

லெயா போனை மேசையில் வைத்தாள். சட்டகத்தில் படம் இல்லை, சுவரில் வெறும் ஆணிதான் இருந்தது.

நானும் சட்டை தைக்கிறவள். கைக்குழி எப்படி வெட்டுவது, எங்கே இழுத்தால் துணி சுருங்கும் என்று எனக்குத் தெரியும். தன் பிள்ளைக்கு இனித் தைக்க ஒன்றும் இல்லாமல், ஊர்ப்பிள்ளைகளின் சட்டையைத் தைத்துக்கொண்டு அந்த மனுசி இருந்திருக்கிறாள். மானிப்பாயில் நாங்கள் அவளுடைய மகனின் பெயரைப் பட்டம்போலச் சூடிக்கொண்டு, தைலக்காரன் படத்தைக் கும்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம். இன்னொரு கடிதம் எழுத ஒருவருக்கும் கை வரவில்லை. வெட்கக்கேடு.

"பிள்ளை," என்றேன், "நான் உன்னட்டை ஒண்டு கேக்க இருந்தனான். மெரிக்குப் போய் என்ர பேரை எடு எண்டு. இனிக் கேக்கமாட்டன். செத்த பிள்ளையின்ர பேர். வயித்திலை பிள்ளையோடை இருக்கிற உனக்கு அது வேண்டாம்."

லெயா கோட்டைப் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

5

எங்கள் சனத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது, கிறிஸ்தவமோ சைவமோ. செத்தவீட்டுக்குப் போகமுடியாமல் போனால், பிறகென்றாலும் போய்த் துக்கம் விசாரிக்கவேண்டும். மாதம் கழித்தும் போகலாம், வருடம் கழித்தும் போகலாம். போகாமல் இருக்கமுடியாது. லா சப்பலில் ஒருவரை ஒருவர் பத்து வருடம் காணாமல் இருந்துவிட்டு, "அம்மா மோசம் போனதுக்கு வரேலாமல் போச்சு அண்ணை" என்று தெருவில் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். அப்படிப்பட்ட சனத்தில் பிறந்த நாங்கள், ஆறு தலைமுறையாக ஒரு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போகவில்லை.

ஆகவே திட்டம் அதேதான், காரணம்தான் மாறியது. பெருமை பார்க்கப் போகவில்லை, துக்கம் விசாரிக்கப் போகிறேன். முடிவெடுத்த பிறகு மனம் லேசானது. எனக்கு எப்போதும் ஒரு வேலை தெளிவாகத் தெரிந்தால் போதும்.

போன ஞாயிறு மத்தியானம் லெயா வந்து, அமெரிக்கப் பயண அனுமதிக்கு இணையத்தில் விண்ணப்பம் நிரப்பித் தந்தாள். பெரிய வயிறு, மேசைக்குக் கிட்ட வர முடியவில்லை, கையை நீட்டித்தான் தட்டினாள். கேள்விக்கு மேல் கேள்வி. வேறு பெயர்களால் அறியப்பட்டிருக்கிறீர்களா? தாயின் பெயர், தகப்பனின் பெயர். அமெரிக்காவில் உங்களைத் தெரிந்தவர் யார்? மார்கரெட் அம்மாவின் பெயரைப் போட்டோம்.

என் கணவர் எழும்பி, ஒரு தொப்பியைப் போட்டுக்கொண்டு அமெரிக்க விமான நிலைய அதிகாரியாக மாறினார்.

"மதாம், எதுக்கு எங்கட நாட்டுக்கு வாறீர்?"

"செத்தவீட்டுக்கு."

"ஆர் செத்தது?"

"ஒரு சின்னப் பெடியன். ஆறு வயசு."

"எப்ப?"

"இருநூறு வருசத்துக்குக் கிட்ட."

"அடுத்த பிளேனிலை ஏத்தித் திருப்பி அனுப்புவான், இஞ்சேரும்!"

லெயா சிரிக்கவில்லை. "அம்மா, எப்ப போறதாப் போடுறது?"

"மாசியிலை போவம் எண்டு நினைக்கிறன்."

"மாசி வேண்டாம். அங்கை பனி. சித்திரையிலை போடுறன். அப்ப நானும் வரலாம்."

"நீயோ? உனக்கென்ன விசரே? வயித்துப்பிள்ளைக்காரி செத்தவீட்டுக்கு வரக்கூடாது."

"சித்திரையிலை வயித்திலை இருக்காது, அம்மா. கையிலை இருக்கும்."

சொல்லிவிட்டுக் கைப்பையைத் திறந்து, மடித்த கடதாசி ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தாள். மெரியின் முத்திரை. பெயர் மாற்ற விண்ணப்பம் கிடைத்ததற்கான பற்றுச்சீட்டு. திகதியைப் பார்த்தேன். கடிதம் வாசித்த சனிக்கிழமைக்கு அடுத்த திங்கள்.

"நான் வேண்டாம் எண்டெல்லே சொன்னனான்" என்றேன்.

"நீங்கள் சொன்னனீங்கள். யோசிக்க ஒரு மாதம் தந்தவை, நானும் யோசிச்சனான்." தமிழ் போதாமல் கொஞ்சம் தேடினாள். "வெள்ளைக்காரன் ஒட்டின பேர் எண்டுதான் நினைச்சனான். ஒரு அம்மா தன்ர பிள்ளையை வைச்சிருக்கச் சொல்லி எங்களிட்டைத் தந்தது எண்டு தெரியாது. செத்த பிள்ளையின்ர பேர் எண்டுறியள். அம்மா, அந்தப் பேரோடை நீங்கள் அறுபது வருசம் உயிரோடைதானே இருக்கிறியள்? செவ்வாய்க்கிழமை போய் உறுதி செய்யவேணும். வாறியளோ?"

நான் அழுதேன். மறைக்கவில்லை. இவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஆணியைப் பார்த்தார். அந்த ஆணிக்கு இப்போது மார்கரெட் அம்மா அனுப்பிய புகைப்படம் தயார்: புல்லுக்குள் இரண்டு கல்லறைக் கல், ஒன்று பெரிது, ஒன்று சிறிது. தைலக்காரரையும் எறியவில்லை. அப்பாவை நேர்மையாக வைத்திருந்த மனிதர், தையல் மெசினுக்கு மேலே இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை மெரிக்குப் போனோம். கருமபீடத்தில் இருந்த பெண் லெயாவைப் பார்த்து, நன்றாக யோசித்தீர்களா என்று கேட்டாள். லெயா, "வுயி" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, எனக்கு மட்டும் கேட்க, "ஓம்" என்றாள்.

சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது. பிள்ளைக்கு ஒரு வெள்ளைச் சட்டை வெட்டி வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் செத்தவீட்டில் இருந்து எழும்பும்போது "போட்டு வாறன்" என்று, போய்வருகிறேன் என்ற பொருளில், சொல்வதில்லை. சொல்லாமல் எழும்பி, திரும்பிப் பாராமல் நடக்கவேண்டும். நானும் எத்தனையோ வீடுகளில் அப்படித்தான் வந்திருக்கிறேன். ஆனால் அங்கே, அந்தப் பெரிய கல்லுக்கு முன்னால், பிள்ளையை ஒருதரம் தூக்கிக் காட்டிவிட்டு, புறப்படும்போது நான் வாய்விட்டுச் சொல்லப்போகிறேன்: "போட்டு வாறம், அபிகேல் அம்மா." சாகும்வரை ஒரு சேதிக்காகக் கேட்டுக்கொண்டிருந்தவளிடம் சொல்லாமல் எழும்பி வர என்னால் முடியாது.